ஊசி போட்டு விற்ற ரேஸ் குதிரை: பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: உதகை படகு இல்லம் அருகே குதிரைச் சவாரி விட்டுப் பிழைக்கிறேன். ஓய்வு பெற்ற ரேஸ் குதிரை ஒன்றை அதன் உரிமையாளரிடம் 1,20,000 ரூபாய்க்கு வாங்கினேன். "காலில் கோளாறு ஒன்றும் இல்லையே?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். "சுத்தமான கால்" என்று பதில் அனுப்பினார். ஓட்டிக் காட்டும்போது நன்றாகத்தான் ஓடியது. மூன்று வாரத்தில் முன்னங்கால் வீங்கி நொண்டுகிறது. மூட்டுத் தேய்மானத்தை ஸ்டீராய்டு ஊசி போட்டு மறைத்திருக்கலாம் என்கிறார் கால்நடை மருத்துவர். ரேஸ் கிளப்பில் புகார் செய்யலாமா? சீசன் முடியும்வரை அதே ஊசியைப் போட்டு ஓட்டச் சொல்கிறார்கள், ஓட்டலாமா?

பதில்: கிளப் புகாரால் உங்கள் பணம் திரும்பாது. ஊக்கமருந்து விதிகள் பந்தயத்தில் ஓடும் குதிரைக்கானவை. மாதிரியில் தடை மருந்து தெரிந்தால் பரிசு பறிபோகும், பயிற்சியாளர் பதில் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற குதிரையைத் தனியார் ஒருவர் விற்ற விற்பனைக்குள் அந்த விதிகள் வராது.

உங்களுக்குக் கை கொடுப்பது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். மோசடி என்றால் என்ன என்று சொல்லும் 17-ஆவது பிரிவில் உதாரணமாகவே ஒரு குதிரை வருகிறது. குறையுள்ள குதிரை என்று தெரிந்தும் ஏலத்தில் வாய் திறக்காமல் விற்றால், அது மட்டும் மோசடி ஆகாது. ஆனால் வாங்குபவர், "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நல்லது என்று எடுத்துக்கொள்வேன்" என்று சொல்லி, விற்பவர் பேசாமல் இருந்தால், அந்த மௌனமே வாக்குக் கொடுத்த மாதிரி. உங்கள் விஷயத்தில் மௌனம்கூட இல்லை, நேரடியாகவே பதில் சொல்லியிருக்கிறார். கோளாறு தெரிந்தே அப்படிச் சொன்னார் என்று காட்டிவிட்டால், 19-ஆவது பிரிவின்படி ஒப்பந்தத்தை ரத்து செய்து, குதிரையைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம்.

எதிர்த்தரப்பு வக்கீல் என்ன சொல்வார் தெரியுமா? "இத்தனை வருஷம் குதிரையோடு பழகியவர், டாக்டரை வைத்துப் பார்த்திருக்கலாமே?" நியாயமான கவனத்தில் கண்டுபிடிக்கக்கூடிய குறை என்றால் ரத்து செய்ய முடியாது என்ற விதிவிலக்கு சட்டத்தில் உண்டுதான். ஆனால் அது தெரியாமல் சொன்ன தவறான தகவலுக்கும் மௌனத்துக்கும் மட்டுமே, தெரிந்தே சொன்ன பொய்க்கு இல்லை. தவிர, மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு வீக்கத்தையும் வலியையும் அடக்கிவிடும். அனுபவசாலிக்குக்கூட நொண்டல் தெரியாமல் போகும்.

எனவே ஆதாரம்தான் முக்கியம். ரத்த, சிறுநீர் மாதிரியை அரசு கால்நடை மருத்துவர் மூலம் இன்றே எடுக்கச் சொல்லுங்கள். சில ஸ்டீராய்டுகளின் தடயம் சில நாட்களிலேயே மறைந்துவிடும். தடயம் கிடைக்காவிட்டாலும் மனம் தளர வேண்டாம். தேய்மானம் விற்பனைக்கு முந்தையது என்று எக்ஸ்ரேயும் மருத்துவர் சான்றும் காட்டும். குதிரை முன்பு இருந்த லாயத்தில் சிகிச்சைப் பதிவு இருந்தால் எழுத்து மூலம் கேளுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். அதை நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்ட, எந்தப் போனிலிருந்து எப்படி எடுத்தது என்று சொல்லும் சான்றிதழ் வேண்டும், 2023-ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு அதைக் கேட்கிறது.

அப்புறம், "ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன், குதிரையைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்" என்று பதிவு வசதியோடு ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். தாமதித்தால் ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்பார்கள். அவர் மறுத்தால், மோசடி தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் சிவில் வழக்குப் போடலாம். அவர் குதிரை விற்பதையே தொழிலாகச் செய்பவர் என்றால், நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுக்குள் போகலாம். பிழைப்புக்காக வாங்கியவரும் நுகர்வோர்தான். உதகையிலேயே மனு போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை.

ஊசி யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். நொண்டும் குதிரையை வேலைக்கு விடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவில் குற்றம், தீங்கான மருந்தைத் தெரிந்தே செலுத்துவதும் அதே பிரிவில் வருகிறது. அபராதம் சிறிய தொகைதான். ஆனால் வலி தெரியாமல் ஓடும் கால் சரிவில் மடங்கி, மேலே இருக்கும் குழந்தை விழுந்தால், தெரிந்தே ஓட்டியவர் நீங்கள் என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். பொய் சொல்லி விற்றவர் மீது உங்களுக்கு இருக்கும் வழக்கும் அதோடு பலவீனமாகிவிடும்.

வக்கீலுக்குப் பணமில்லை என்றால் 15100 என்ற எண்ணுக்கு அழைத்து, இலவச சட்ட உதவிக்கு உங்களுக்குத் தகுதி உண்டா என்று விசாரியுங்கள்.