நீண்ட கால ஊழியத்துக்கு வெளிநாடு போக எப்படி ஆயத்தமாவது?

கேள்வி கேட்ட தம்பி கல்முனைக்காரர். கிறிஸ்தவ சபை மூலமாக மூன்று வருட ஊழியத்துக்குக் கம்போடியா போகிறார். கையில் பத்து மாதம் இருக்கிறது, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறார். நான் மட்டக்களப்பு கல்லடியைச் சேர்ந்தவள். 2019 கடைசியில் போய், பட்டம்பாங் பக்கம் ஒரு கிராமத்தில் நாலு வருடம் இருந்துவிட்டு வந்தேன்.

தம்பி, முதலில் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பெயரைப் பாருங்கள். நம் பக்கத்து ஆட்களுக்கு இது பெரிய தலையிடி. சூறாவளி, யுத்தம், சுனாமி என்று எத்தனை தடவை ஆவணங்களைத் தொலைத்துத் திரும்ப எடுத்திருக்கிறோம்! ஒவ்வொரு தடவையும் பெயரை ஒவ்வொரு மாதிரி எழுதியிருப்பார்கள். என் அப்பாவின் பெயரில் ஆங்கிலத்தில் ஒரு எழுத்து கூடிப்போய், அதைத் திருத்தவே மூன்று மாதம் ஓடியது. பொலிஸ் நற்சான்று, மொழிபெயர்ப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான். சுற்றுலா விசாவில் மட்டும் போய்விடாதீர்கள். சாதாரண விசா என்று ஒன்று உண்டு, அதில் போனால் அங்கே இருந்துகொண்டே நீட்டிக்கலாம்.

இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டது என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதனால் நமக்கு அந்த நோய் மறந்தே போய்விட்டது. கம்போடியாவில் காட்டோரக் கிராமங்களுக்குப் போவதாக இருந்தால், புறப்பட முன் மலேரியா தடுப்பு இயக்கத்தில் சொல்லுங்கள், மாத்திரை இலவசமாகத் தருவார்கள். விசர்நாய்க்கடித் தடுப்பூசி பற்றியும் டொக்டரிடம் கேளுங்கள்.

பணம். என் ஆதரவாளர்கள் எல்லாரும் ரூபாயில்தான் வாக்குக் கொடுத்திருந்தார்கள். 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதம் 360ஐத் தொட்டது. அதே காணிக்கை, ஆனால் கையில் வந்தது பாதியை விடக் கொஞ்சம் கூட. அதையும் அனுப்ப வங்கியில் டொலர் இல்லை. ஒரு சபை சொல்லாமலே நிறுத்திக்கொண்டது. நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன், இங்கே சனம் சமையல் காஸுக்கும் எண்ணெய்க்கும் வரிசையில் நின்ற காலம் அது. ஆனால் நீங்கள் ஆறு மாதச் செலவையும் திரும்பி வர விமான டிக்கெட் காசையும் தனியாக வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். இதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை.

வீட்டைப் பற்றி. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் 2019 உயிர்த்த ஞாயிறு அன்று குண்டு வெடித்து ஏழெட்டு மாதத்தில் நான் புறப்பட்டேன். அம்மா ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. மீன் கறித்தூளை வறுத்து இடித்து, மூன்று பையாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் தேதி எழுதி வைத்தார். அவர் பயந்து போயிருந்தார் என்று அந்தத் தேதிகளைப் பார்த்தபோதுதான் விளங்கியது. உட்கார்ந்து பேச எனக்கு நேரம் இருந்தும் நான் பேசவில்லை. நீங்கள் பேசுங்கள். அம்மா அப்பாவுக்கு வருத்தம் வந்தால் ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிக்கொண்டு போவது என்று ஒரு ஆளின் பெயரைச் சொல்லி முடிவு செய்துவிட்டுப் போங்கள். கடன் இருந்தால் அடைத்துவிடுங்கள். அண்ணன் தம்பியோடு மனஸ்தாபம் இருந்தால் அதையும் இங்கேயே தீருங்கள், தொலைபேசியில் தீராது.

அப்புறம் மொழி. மிச்சம் இருக்கும் நேரத்தையெல்லாம் இதற்கே கொடுங்கள். அங்கே பேசுவது கெமர். அதன் எழுத்து பல்லவர் எழுத்திலிருந்து வளர்ந்தது, அதனால் உயிர்மெய் என்ற முறை நமக்குச் சட்டென்று பிடிபடும். சில சொற்களும் கேட்ட மாதிரியே இருக்கும்: ஆசிரியருக்கு ‘க்ரூ’, முகத்துக்கு ‘முக்’. வயது பார்த்து முறை சொல்லித்தான் கூப்பிடுவார்கள், மூத்தவர்களுக்கு ‘போங்’, பாட்டிக்கு ‘யேய்’. ஐந்துக்கு ‘ப்ராம்’ என்றால், ஆறுக்கு ‘ப்ராம் முய்’, அதாவது ஐந்தும் ஒன்றும்.

இந்த எண்களை எனக்குப் பக்கத்து வீட்டு யேய் ஒருவர்தான் படிப்பித்தார். எட்டாம் மாதம் ஒரு பின்னேரம், லட்சக்கணக்கான சனம் செத்துப்போன போல் போட் ஆட்சிக் காலத்தில் தன் வீட்டில் செத்தவர்களை எண்ணிக் காட்டினார். முய், பி, பெய், புவன், ப்ராம். ஒரு கை விரல்கள் மடங்கிவிட்டன. மற்றக் கையில் ஒரு விரலை மடக்கி ‘ப்ராம் முய்’ என்றார். அது கடைசிப் பிள்ளை. நான் என் கையை நீட்டி, 2004இல் நாவலடியில் கடல் கொண்டுபோன சித்தியையும் இரண்டு பிள்ளைகளையும் மடக்கிக் காட்டினேன். அவர் என் மூன்று விரல்களையும் தன் கைக்குள் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். அதன் பிறகு அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் எனக்கு ஒரு கோப்பை சோறு இருந்தது. அங்கே வீடு வீடாகப் போய் மதம் பேசத் தடை இருக்கிறது, அதை மதியுங்கள். உங்களை அவர்களாகக் கூப்பிடும் வீடுகளே உங்களுக்குப் போதும்.

நம் ஊருக்கும் ஒருவர் இப்படி வந்தார். மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட், 1814இல். வரும் வழியில் கடலிலேயே மனைவியைப் பறிகொடுத்தவர். 1815 ஏப்ரலில் அவரும் இங்கே இறந்துபோனார், ஒரு வருடம்கூட முடியவில்லை. அவர் தொடங்கிய பள்ளிக்கூடம்தான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. அந்தத் தனி மனிதனுக்குச் சோறு ஆக்கிக் கொடுத்து, பாயை விரித்து, காய்ச்சலில் பக்கத்தில் இருந்தவர்கள் யார் என்று நான் அடிக்கடி நினைப்பேன். பட்டம்பாங்கில் எனக்கு அவர்கள் கிடைத்தார்கள்.

என் கெமர் எழுத்துப் பயிற்சிக் கொப்பிகள் நாலும் இன்னும் வீட்டில் இருக்கின்றன. கல்முனையிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம்தானே, ஒரு சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவருக்கும் கேட்க நிறைய இருக்கும்.