ஒரு சாஃப்ட்வேருக்காக யூஏசியை அணைக்கலாமா?

கேள்வி: வீட்டு கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 இருக்கிறது. கடைக்காகப் பல வருடங்களாக வைத்திருக்கும் பழைய பில்லிங் சாஃப்ட்வேரைத் திறக்கும்போதெல்லாம் திரை இருண்டு, ‘மாற்றம் செய்ய அனுமதிக்கலாமா’ என்று ஒரு பெட்டி வருகிறது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை யெஸ் அழுத்துகிறேன். இப்படி அனுமதி கேட்கும் விண்டோஸ் ஏற்பாட்டுக்கு யூஏசி (யூசர் அக்கவுண்ட் கண்ட்ரோல்) என்று பெயராம், அதன் செட்டிங்கை அடியோடு இறக்கிவிட்டால் நின்றுவிடும் என்கிறான் தம்பி. பிள்ளைகளும் இதே கணினியில்தான் விளையாடுகிறார்கள். இறக்கலாமா?

பதில்: இறக்காதீர்கள். உங்களைத் தொந்தரவு செய்வது ஒரே ஒரு சாஃப்ட்வேர், அதற்காக மொத்தக் கணினியின் காவலையும் எடுக்கச் சொல்கிறார் தம்பி. அந்த ஒன்றை மட்டும் சரிசெய்ய வழி இருக்கிறது, ஆனால் பெட்டி ஏன் வருகிறது என்று முதலில் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வீடுகளில் பெரும்பாலும் எல்லாருமே அட்மின் கணக்கில், அதாவது கணினியில் எதையும் மாற்றும் அதிகாரமுள்ள கணக்கில்தான் வேலை செய்தோம். நாம் திறந்த ஒவ்வொரு செயலிக்கும் நம்முடைய முழு அதிகாரமும் கிடைத்தது, தெரியாமல் திறந்த வைரஸுக்கும் அதேதான். 2007-ல் வந்த விஸ்டா இதை மாற்றியது. அதிலிருந்து நீங்கள் அட்மினாகவே நுழைந்தாலும் செயலிகள் சாதாரண பயனருக்குரிய குறைந்த அதிகாரத்தோடுதான் ஓடும். அதற்கு மேல் வேண்டும் என்று ஏதாவது ஒன்று கேட்டால் மட்டும் விண்டோஸ் உங்களிடம் வந்து நிற்கும். விஸ்டாவில் இந்தக் கேள்வி அளவுக்கு மீறி வந்தது, ஜனங்கள் எரிச்சலில் மொத்தமாக அணைத்தார்கள், அதனால் 2009-ல் விண்டோஸ் 7-ல் நான்கு படி உள்ள ஸ்லைடரைக் கொடுத்தார்கள். ஸ்டார்ட் மெனுவில் யூஏசி என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் இப்போதும் அதுதான் வரும்.

மேலிருந்து இரண்டாவது படிதான் வழக்கமாக இருப்பது. மூன்றாவதிலும் பெட்டி வரும், ஆனால் திரை இருளாது. பார்க்க வசதியாகத் தெரியும், ஆனால் திரை இருளும் அந்த நேரத்தில் விண்டோஸ் தனியாக வேறொரு திரைக்குப் போய்விடுகிறது, சாதாரணச் செயலிகள் எதுவும் அங்கே வந்து உங்களுக்குப் பதிலாக யெஸ் அழுத்த முடியாது. அந்தப் பாதுகாப்பு மூன்றாவது படியில் போய்விடும். கடைசிப் படியில் கேள்வியே இல்லை, அட்மின் கணக்கில் ஓடும் எதுவும் கேட்ட அதிகாரத்தைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளும். பிள்ளைகள் இலவச கேம் என்று எதையாவது இறக்கிச் சொடுக்கும் கணினியில் இதைச் செய்யவே கூடாது.

சரி, பில்லிங் சாஃப்ட்வேருக்கு வருவோம். எதைத் தொடுவதற்கு முன்னாலும் அதன் டேட்டாவை ஒரு பென் டிரைவில் பேக்கப் எடுத்துவிடுங்கள், இதில் சோம்பல் வேண்டாம். பிறகு அதன் ஐகானில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போய், கம்பாட்டிபிலிட்டி டேபில் ‘ரன் திஸ் புரோகிராம் ஆஸ் ஆன் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்ற இடத்தில் டிக் இருக்கிறதா பாருங்கள். யாரோ இன்ஸ்டால் செய்து கொடுத்தபோது போட்டுவிட்டுப் போன டிக்காக இருக்கலாம். ஷார்ட்கட் டேபில் உள்ள அட்வான்ஸ்டு பட்டனுக்குள்ளும் இதே மாதிரி ஒன்று உண்டு, அதையும் பாருங்கள். இருந்தால் எடுத்துவிட்டுத் திறந்து, ஒரு சோதனை பில் போட்டு, மூடித் திறந்து, சேமித்தது இருக்கிறதா என்று பாருங்கள்.

இங்கேதான் ஒரு சிக்கல் வரலாம். பழைய சாஃப்ட்வேர்களில் பல, புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே தங்கள் டேட்டாவையும் எழுதும். அங்கே எழுத அட்மின் அதிகாரம் வேண்டும், அதனால்தான் அந்த டிக்கே தேவைப்பட்டிருக்கும். டிக்கை எடுத்ததும் சில சாஃப்ட்வேர் எழுத முடியவில்லை என்று பிழை காட்டும். இன்னும் சில எழுதும் டேட்டாவை விண்டோஸ் ஓசைப்படாமல் உங்கள் பயனர் ஃபோல்டரில் ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல்ஸ்டோர் என்ற இடத்துக்குத் திருப்பிவிடும். அப்புறம் ஒரே கணக்குக்கு இரண்டு பிரதி ஆகிவிடும், அட்மினாகத் திறந்தால் ஒன்று, சாதாரணமாகத் திறந்தால் இன்னொன்று, நேற்றுப் போட்ட பில் காணோமே என்று பதறுவீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடைக்காரர் மூன்று நாள் பில் அழிந்துவிட்டது என்றே முடிவு செய்திருந்தார், எல்லாம் விர்ச்சுவல்ஸ்டோரில் பத்திரமாக இருந்தன.

இதற்கு நல்ல வழி, சாஃப்ட்வேரை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, சி டிரைவிலேயே நேராக ஒரு தனி ஃபோல்டர் போட்டு அதில் திரும்ப இன்ஸ்டால் செய்வதுதான். அங்கே எழுத அட்மின் அனுமதி தேவைப்படாது. இன்ஸ்டால் செய்யும்போது ஒரு தடவை யெஸ் கேட்கும், அதோடு சரி. லைசென்ஸ் எண் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு தொடங்குங்கள். இத்தனைக்குப் பிறகும் கேட்டால், அதை எழுதியவர்களே அட்மின் அதிகாரம் கட்டாயம் என்று உள்ளே வைத்திருக்கிறார்கள். புதிய பதிப்பு இருக்கிறதா என்று விற்றவரைக் கேளுங்கள். அதுவரை காலையில் ஒரு தடவை திறந்து, மூடாமல் மினிமைஸ் செய்து வைத்தால் பத்து கேள்வி ஒன்றாகிவிடும்.

பிள்ளைகளுக்கு அட்மின் அதிகாரம் இல்லாத ஸ்டாண்டர்டு கணக்கு ஒன்றைத் தனியாகப் போடுங்கள், செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதியில் இருக்கிறது. உங்கள் கணக்குக்குப் பாஸ்வேர்டு கட்டாயம் இருக்க வேண்டும், இல்லையென்றால் இதனால் பயனில்லை. அப்புறம் அவர்கள் எதையாவது இன்ஸ்டால் செய்யப் போனால் யெஸ் மட்டும் போதாது, உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கும்.

பில்லிங் தொல்லை தீர்ந்ததும் ஸ்லைடரை ஒரு படி ஏற்றி, உச்சியிலேயே வைத்துவிடுங்கள் என்பேன். இரண்டாவது படியில் விண்டோஸின் சொந்த உறுப்புகள் சில கேட்காமலே அதிகாரம் பெறும், அந்தச் சந்தில் நுழையத் தெரிந்த வைரஸ்கள் உண்டு. மேல் படியில் அந்தச் சந்து பெரும்பாலும் அடைபடும், கேள்வி கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். பெட்டி வரும்போது செயலியின் பெயரையும் ‘வெரிஃபைடு பப்ளிஷர்’ என்ற வரியையும் படியுங்கள். மஞ்சள் நிறத்தில் வந்தால் தயாரித்தவர் யாரென்று விண்டோஸால் உறுதி செய்ய முடியவில்லை என்று அர்த்தம். நீங்கள் எதையுமே திறக்காதபோது பெட்டி வந்தாலும், போனில் யாரோ யெஸ் அழுத்தச் சொன்னாலும், நோ தான்.

தம்பி ஏற்கெனவே இறக்கிப் பார்த்திருந்தால், ஸ்லைடரை ஏற்றிய கையோடு விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் போய் ஆஃப்லைன் ஸ்கேனை ஓடவிடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும், சுமார் 15 நிமிடம் பிடிக்கும், அதனால் திறந்திருக்கும் பில்லைச் சேமித்துவிட்டு ஆரம்பியுங்கள்.