ஷீட் கூரைக்குக் கீழே சீலிங்: துளை போடலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் எங்கள் மாடி அறைக்கு முப்பது வருடம் முன்பு போட்ட ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை. வெக்கை தாங்காமல் கீழே ஜிப்சம் சீலிங் போடப் போகிறோம். ஷீட்டிலேயே துளை போட்டுக் கம்பி தொங்கவிடலாம், சுவருக்கு வெளியே நீண்டிருக்கும் ஷீட் விளிம்பைக் கிரைண்டரால் அறுத்துவிடலாம் என்கிறார் மேஸ்திரி. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பயமாக இருக்கிறது.
- ஒரு வாசகி

பதில்: இரண்டுக்குமே சம்மதிக்காதீர்கள் அம்மா. இந்த ஷீட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் நார். ஷீட் முழுசாக இருக்கும்வரை சிமெண்ட் அதைப் பிடித்து வைத்திருக்கும். துளை போட்டாலோ கிரைண்டர் பட்டாலோ கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் கலந்து நுரையீரலில் தங்கிவிடும். புற்றுநோயாக வெளிப்பட 20 முதல் 40 ஆண்டுகள்கூட ஆகலாம். அதனால், ‘இத்தனை வருடம் அறுக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்று மேஸ்திரி சொன்னால் அதை நம்பி இறங்க வேண்டாம். அவர் உடம்புக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

சீலிங்கை ஷீட்டைத் தொடாமலே போடலாம். சுவரைச் சுற்றி சேனல் எனும் தகரச் சட்டம் அடித்து, தொங்கு கம்பிகளை ஷீட்டைத் தாங்கும் இரும்புக் குழாயில் கிளாம்ப் போட்டு மாட்டச் சொல்லுங்கள். கடற்காற்றில் குழாய் துருவேறி இளைத்திருந்தால் சுவருக்குச் சுவர் புதிதாகச் சதுரக் குழாய் வைத்து அதில் மாட்டுவதே சரி. நீண்டிருக்கும் விளிம்பு அப்படியே இருக்கட்டும். மேலே வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடித்தாலே வெக்கை குறையும். ஆனால் பாசியைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டக் கூடாது, பிரஷர் வாஷும் கூடாது. நனைத்து, மெத்தென்ற பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

விரிசலோ ஒழுகலோ இருந்தால் கதை வேறு. ஜிப்சம் போர்டு ஈரத்தில் ஊறிச் சரிந்துவிடும், அதனால் முதலில் கூரையை மாற்றுங்கள். அன்று பிள்ளைகளை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, படுக்கை, துணிமணி, அரிசி எல்லாவற்றையும் அறையிலிருந்து வெளியே எடுத்து, ஃபேனை நிறுத்திவிடுங்கள். சில சொட்டுப் பாத்திர சோப்பு கலந்த தண்ணீரைக் கைப்பம்பால் தெளித்து ஷீட்டை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். ஷீட்டைக் குழாயோடு பிடித்திருக்கும் கொக்கி போன்ற ஜே போல்ட் துருப்பிடித்திருக்கும், அதை முறுக்கினால் அந்த இடத்தில் ஷீட் உடையும், போல்ட் கட்டரால் நறுக்குவதே நல்லது. ஷீட் மேல் யாரும் நேராகக் கால் வைக்கக் கூடாது. சாரம் கட்டி நிற்க வேண்டும். 3 மீட்டர் ஷீட் சுமார் 40 கிலோ கனக்கும். இரண்டு பேர் கயிறு கட்டி முழுசாக இறக்க வேண்டும், மேலிருந்து போடக் கூடாது. கர்ச்சீப்பும் துணி மாஸ்க்கும் இதற்கு உதவாது. நுண்ணிய நாரையும் வடிகட்டும் எஃப்எஃப்பி3 (FFP3) மாஸ்க் வேண்டும், தாடி இருந்தால் அதுவும் இறுகாது. முடிந்ததும் தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் கழிவோடு கட்டிவிடுங்கள். வேலை செய்த உடுப்பை வீட்டுத் துணியோடு துவைக்காதீர்கள்.

கழற்றிய ஷீட்டை 200 மைக்ரான் பாலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி டேப் ஒட்டுங்கள். கட்டட இடிபாட்டோடு கலந்து கொடுத்தால் அரவை ஆலையில் நொறுங்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் கேட்டு, கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவு நிலையத்துக்கு அனுப்ப வழி பாருங்கள். கோழிக்கூண்டுக்கு ஆகும் என்று யாராவது கேட்டாலும் கொடுக்காதீர்கள். புது ஷீட் வாங்கும்போதும் கவனம் தேவை: ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இந்தியாவில் இன்னும் தடையில்லாமல் விற்கிறது. கடையில் ‘ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது’ என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.