பிக்கப் வண்டிக்கு வீட்டிலேயே மேல் கேரியர் செய்ய டிசைன் எப்படிப் போடுவது?

நீங்கள் சொன்ன திட்டம் இது: 25×25 சதுரப் பைப்பில், 2 மிமீ கனத்தில், ஒரே சட்டம். முன் கால் இரண்டும் கேபின் கூரை மேல், பின் கால் இரண்டும் பாடியின், அதாவது பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டியின், விளிம்பு மேல். ஏற்றப் போவது நீள ஏணியும் பிவிசி பைப்புகளும், சுமார் 40 கிலோ. தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த வடிவில் தாங்காது. பைப் சன்னம் என்பது இரண்டாவது காரணம்தான். முதல் காரணம், கேபினும் பாடியும் தனித்தனியாக அசைபவை.

ஹோண்டா ரிட்ஜ்லைன் போல ஒரே உடம்பாக வரும் சில வண்டிகளை விட்டுவிட்டால், பிக்கப் என்பது ஒரு சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) மேல் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும் இரண்டு பெட்டிகள். கேபின் ரப்பர் மவுண்ட் மேல் இருக்கிறது. மேடு பள்ளத்தில் ஒரு சக்கரம் ஏறும்போது சேசிஸ் முறுக்கிக்கொள்ளும். கேபின் ஒரு பக்கம் சாயும், பாடி இன்னொரு பக்கம் சாயும். இரண்டுக்கும் நடுவே அந்த இடைவெளியை விட்டிருப்பதே அதற்காகத்தான். அதன் குறுக்கே விறைப்பான இரும்புச் சட்டம் போட்டு இரண்டையும் பூட்டினால், ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த முறுக்கு முழுவதும் உங்கள் வெல்டிங்கில் வந்து இறங்கும். பைப்பைத் தடிமனாக்கினாலும் தப்பிக்க முடியாது. சட்டம் விறைக்க விறைக்கக் கூரைத் தகடுதான் அடி வாங்கும்.

நான் செய்த முதல் கேரியர் கிட்டத்தட்ட உங்கள் திட்டம் மாதிரியேதான். மூன்று மாதம் நன்றாக ஓடியது. ஒருநாள் வண்டியைக் கழுவும்போது, இடது முன் காலில் வெல்டிங் முடிகிற ஓரமாக, பெயிண்ட் மேல் தலைமுடி கனத்தில் ஒரு காவிக் கோடு தெரிந்தது. அழுக்கு என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். நகம் உள்ளே இறங்கியது. துணியால் துடைத்துப் பார்த்தால் விரிசல் பைப்பின் பாதிச் சுற்றுக்கு ஓடியிருந்தது. கால் நின்ற இடத்தில் கூரையும் உள்ளங்கை அகலத்துக்கு அமுங்கியிருந்தது. அதுவரை ஓர் ஏணிக்கு மேல் அதில் ஏற்றியதே இல்லை.

உங்கள் வண்டி எவ்வளவு முறுக்குகிறது என்பதை நீங்களே பார்த்துவிடலாம். சமதரையில் நிறுத்தி, கேபினின் பின்சுவருக்கும் பாடியின் முன்சுவருக்கும் உள்ள இடைவெளியை மேல் மூலை இரண்டிலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பின் சக்கரத்தை மட்டும் உறுதியான பலகை அடுக்கின் மேல் ஏற்றி நிறுத்தி, பிரேக் போட்டுவிட்டு மறுபடி அளங்கள். என் வண்டியில் இரண்டு மூலைக்கும் 12 மிமீ வித்தியாசம் வந்தது. கூரையின் முன்பக்கம் போகப் போக அசைவு இதைவிட அதிகமாக இருக்கும்.

அதனால் என் யோசனை, நான்கு கால்களையும் பாடியிலேயே நிறுத்துங்கள். பாடியின் முன்பக்கம், கேபினுக்குச் சற்றுப் பின்னால் ஒரு வளைவு. பின்கதவுப் பக்கம் இன்னொன்று. இரண்டின் மேலும் இரண்டு நீளப் பைப்புகள். அவை கேபினுக்கு மேலே நீண்டு வரட்டும், ஆனால் கூரையை எங்கும் தொடக் கூடாது. சுமை ஏற்றிய பிறகும் நடுவில் 60 மிமீயாவது வெளிச்சம் தெரிய வேண்டும். கூரை எவ்வளவு தாங்கும் என்ற கவலையே அப்புறம் இல்லை. கூரை மேல்தான் வைப்பேன் என்றால், வண்டியின் கையேட்டில் கூரைக்குக் கொடுத்திருக்கும் எடை வரம்பைப் பாருங்கள். கேரியரின் சொந்த எடையும் அந்த வரம்புக்குள்தான் வர வேண்டும். 25×25×2 இரும்புப் பைப் மீட்டருக்கு 1.44 கிலோ; 11 மீட்டர் போனாலே 16 கிலோ ஆகிவிடுகிறது.

சரி, பைப் சைஸ். கேபின் மேல் 80 செமீ நீண்டு நிற்கிறது, 40 கிலோவும் நுனியிலேயே விழுகிறது என்று மோசமான நிலையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வண்டி நின்றிருக்கும்போதே 25×25×2 பைப்பில் சுமார் 120 மெகாபாஸ்கல் தகைவு (இரும்புக்குள் ஏறும் இழுவிசையின் அளவு) வருகிறது. பள்ளத்தில் தூக்கிப் போடும்போது மூன்று மடங்கு என்று வைத்தால் 360. சாதாரண மைல்டு ஸ்டீல் 250 வாக்கிலேயே வளைந்துவிடும். அதே கணக்கில் 50×25×2 செவ்வகப் பைப்பை, 50 பக்கம் செங்குத்தாக நிற்கும்படி போட்டால், பள்ளத்தின் மூன்று மடங்கையும் சேர்த்தே 131தான் வருகிறது. எடை மீட்டருக்கு 2.23 கிலோ, ஒன்றரை மடங்கு எடைக்கு விறைப்பு ஐந்தரை மடங்கு. படுக்கப் போட்டால் இந்த லாபத்தில் பெரும்பகுதி போய்விடும். அலுமினியம் எடையில் மூன்றில் ஒரு பங்கு என்று ஆசை காட்டும். விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். அலுமினியத்துக்குப் போனால் இன்னும் உயரமான பைப் எடுக்க வேண்டும்.

முன்வளைவின் மேல் நீளப் பைப் உட்காரும் இடம்தான் அதிகம் இழுபடும் இடம், அதிலும் பைப்பின் மேல்முகம். அங்கே துளை போடாதீர்கள், குறுக்காக வெல்டிங் அடிக்காதீர்கள். பக்கவாட்டில் நீளவாக்கில் வெல்டிங் பிடியுங்கள், அல்லது யு போல்ட் போட்டுப் பிடியுங்கள். முன்னால் பாரம் இருக்கும்போது பின் கால்கள் மேல்நோக்கி இழுக்கப்படும். அவற்றை வெறுமனே உட்கார வைத்தால் போதாது. பாடி விளிம்புக்கு அடியில் 5 மிமீ பட்டைத் தகடு கொடுத்து, 8.8 கிரேடு எம்10 (10 மிமீ) போல்ட்டும் நைலாக் நட்டும் (உள்ளே நைலான் வளையம் இருப்பதால் எளிதில் தளராத நட்) போட்டு இறுக்குங்கள். காலுக்கும் விளிம்புக்கும் நடுவே பழைய டியூப் ரப்பர் ஒரு மடிப்பு.

பலரும் குறுக்குவாட்டு ஆட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு முன்பின் ஆட்டத்தை விட்டுவிடுகிறார்கள். திடீர் பிரேக்கில் 40 கிலோ சுமை 30 கிலோவுக்கும் மேலான விசையோடு முன்னால் தள்ளும். செங்குத்துக் கால்கள் மட்டும் இருந்தால் சட்டம் முழுவதும் சாய்சதுரமாகச் சரியப் பார்க்கும். இரண்டு பக்கமும் ஒரு சாய்வுப் பைப் போட்டு முக்கோணமாக்கிவிட்டால் அசையாது. பாடியில் சாமான் ஏற்ற இடைஞ்சல் என்றால் மூலைகளில் கையளவு முக்கோணத் தகடுகளாவது வேண்டும்.

இனி காற்று. ஏணியும் பைப்பும் மட்டுமே என்கிறீர்கள், ஆனால் கேரியர் இருந்தால் ஒருநாள் 8×4 அடி பிளைவுட் ஏறத்தான் செய்யும். 80 கிமீ வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 30 கிலோ. பலகையின் பரப்பு 3 சதுர மீட்டர். முன் விளிம்பு கொஞ்சம் தூக்கி நின்றால் போதும், பலகையின் சொந்த எடையைவிடப் பெரிய விசை அதை மேலே இழுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் இந்த விசை நான்கு மடங்கு. ஆகவே முன்நுனியில் கயிறு கட்ட இரண்டு கொக்கிகளை இப்போதே டிசைனில் சேர்த்துவிடுங்கள். பின்னால் மட்டும் கட்டிய சுமையை நான் சாலையில் பார்த்தால் அந்த வண்டிக்குப் பின்னால் போக மாட்டேன்.

வெல்டிங்கை வண்டியின் மேல் வைத்துச் செய்யாதீர்கள். அளவெடுத்துத் தரையில் டாக் அடித்து (சின்னச் சின்னப் புள்ளி வெல்டிங்கால் தற்காலிகமாகப் பிடித்து), மூலைவிட்டம் இரண்டும் ஒத்துப்போகிறதா என்று டேப் வைத்துப் பார்த்துவிட்டு முழு வெல்டிங் போடுங்கள். ஜிஐ பைப் என்றால் வெல்டு விழும் இடங்களில் துத்தநாகப் பூச்சை முதலில் தேய்த்து எடுத்துவிடுங்கள், முகக்கவசத்தோடு, வெட்டவெளியில். துத்தநாகம் எரிந்து வரும் புகை காய்ச்சலில் தள்ளும். பைப் முனைகளை மூடுங்கள், அடிப்பக்கம் தண்ணீர் வடிய 5 மிமீ துளை விடுங்கள். திறந்த முனை வேகத்தில் விசிலடிக்கும், தண்ணீர் தேங்கினால் உள்ளிருந்தே துரு பிடிக்கும். கேபின் பின்பக்கம் உயரத்தில் பிரேக் விளக்கு இருந்தால், முன்வளைவின் குறுக்குப் பைப் அதை மறைக்காத உயரத்தில் வர வேண்டும்.

முதல் 100 கிமீ ஓடியதும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை இறுக்கிவிட்டு, நட்டிலிருந்து தகடு வரை பெயிண்டால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். நட் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும்.

பைப் வெட்டுவதற்கு முன் அந்த இடைவெளி அளவுகளையும் முன்வளைவிலிருந்து நுனிவரை எத்தனை செமீ நீட்டப் போகிறீர்கள் என்பதையும் கீழே எழுதுங்கள். உங்கள் வண்டிக்குக் கணக்கைத் திரும்பப் போட்டுத் தருகிறேன்.