அருவி வெளுக்கிறது, எழுத்து மறைகிறது
வாசகர் கேள்வி – பதில்: போனில் படம் எடுப்பது

ஒகேனக்கல்லில் எடுத்த எல்லாப் படத்திலும் அருவி வெள்ளை வேட்டி காயப்போட்டதுபோல் இருக்கிறது. பக்கத்தில் நிற்பவர் முகமோ கரிக்கட்டை. போனை மாற்ற வேண்டுமா? – வாசகி, பென்னாகரம்

போன் இருக்கட்டும், முதலில் லென்ஸைத் துடையுங்கள். ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துக்கொண்ட கையோடு போனை எடுக்காதவர் யார்? அந்த எண்ணெயில் சாரலும் சேர்ந்தால் வெளிச்சம் சிதறி, படம் முழுக்கப் பனி மூட்டம்போல் ஆகிவிடும். மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணி போதும். புடவைத் தலைப்பு எண்ணெயை இழுவிவிடும், எடுக்காது.

அடுத்து, திரையில் தண்ணீரின் வெள்ளைப் பகுதியில் விரலை வைத்து, பூட்டு அடையாளம் வரும்வரை அழுத்துங்கள். போன் அந்த வெள்ளையைச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். அதனால் சூரியக் குறியைச் சற்றே மேலே தள்ளி, தண்ணீரின் இழைகள் மறையத் தொடங்கும் இடத்துக்கு ஒரு துளி முன்னால் நிறுத்துங்கள். இருண்ட முகத்தைப் பிறகு எடிட்டிங்கில் தூக்கிவிடலாம். வெளுத்துப்போன தண்ணீரை யாராலும் மீட்க முடியாது. முகம் முக்கியம் என்றால், வெயில் முகத்தில் விழும்படி ஆளைத் திருப்பி நிறுத்துவதே நல்ல வழி.

தண்ணீர் பட்டுப்போல் வழிகிற படம் வேண்டுமானால் ஷட்டர், அதாவது ஒளியை உள்ளே விடும் கதவு, கால் நொடியாவது திறந்திருக்க வேண்டும். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓவை (ஒளியுணர்வு அளவை) 50 ஆகக் குறைத்து வைத்தாலும் போன் கேட்பது சுமார் 1/4000 நொடிதான். கால் நொடி திறந்தால் ஆயிரம் மடங்கு ஒளி உள்ளே போய்ப் படம் வெளிறிவிடும். பெரும்பாலான போன்களில் லென்ஸின் துளையைச் சுருக்கவும் வழியில்லை. பொழுது சாய்ந்தபின், ஷட்டரைக் கால் நொடிக்கு வைத்து, போனைப் பாறையில் சாய்த்து, கை அசைவு படாதபடி 3 நொடி டைமரில் எடுங்கள். ஐபோன் என்றால் 'லைவ்' படமாக எடுத்து, பிறகு 'லாங் எக்ஸ்போஷர்' ஆக மாற்றலாம்.

எங்கள் ஊர் வேடியப்பன் கல்லில், அதாவது பழைய நடுகல்லில், எழுத்து இருக்கிறது. நேரில் கொஞ்சம் தெரிகிறது, படத்தில் ஒன்றுமே இல்லை. ஃப்ளாஷ் போட்டால் இன்னும் மோசம். – வாசகர், அரூர்

ஃப்ளாஷ்தான் கெடுக்கிறது. கல்லில் வெட்டிய எழுத்துக்குத் தனி நிறம் கிடையாது. வெட்டின் ஓரத்தில் விழும் நிழலைத்தான் எழுத்தென்று படிக்கிறோம். லென்ஸை ஒட்டியிருக்கும் ஃப்ளாஷ் நேர் எதிரே அடித்து அந்த நிழலை அழித்துவிடும். நடுகல் முகத்தை வெயில் உரசிக்கொண்டு போகும் நேரம் காலையிலோ மாலையிலோ கொஞ்சம்தான் வரும். ஒருநாள் நின்று கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். வடக்குப் பார்த்த கல், புளியமர நிழலில் நிற்கும் கல் என்றால் வெயிலை நம்ப முடியாது. இருட்டிய பிறகு டார்ச்தான்.

டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், ஏறக்குறைய கல்லோடு படுத்தாற்போல், மூன்று நான்கு அடி தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். கிட்டே பிடித்தால் இந்த ஓரம் எரியும், அந்த ஓரம் இருளும். இடப்பக்க ஒளியில் நெடுக்குக் கோடுகள் எழும், படுக்கைக் கோடுகள் தொலையும், ஏனென்றால் ஒளி போகும் திசையிலேயே ஓடும் வெட்டுக்கு நிழல் கிடையாது. ஆகவே போனைச் செங்கல் அடுக்கில் அசையாமல் வைத்து, இடம், வலம், மேல், கீழ் என்று நான்கு படம் எடுங்கள். ஒன்றில் ஒளிந்த எழுத்து இன்னொன்றில் கிடைக்கும். லென்ஸ் எழுத்தின் உயரத்துக்கே இருக்கட்டும். நின்றபடி கீழே பார்த்து எடுத்தால் வரிகள் சரியும். பக்கத்தில் ஒரு அடிக்கோலையும் வையுங்கள்.

பூசை நடக்கும் கல் என்றால் முதலில் பூசாரியிடம் கேளுங்கள். எண்ணெய் பூசிய இடம் பளபளத்தால் டார்ச்சைச் சற்று நகர்த்தினால் போதும். சுண்ணாம்புக்கட்டியால் எழுத்தின்மேல் வரைவதும், கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பதும் மட்டும் கூடவே கூடாது. வரைகிறவர் நினைத்த எழுத்துதான் படத்தில் வரும். தேய்த்தால் இருக்கிற எழுத்தும் போய்விடும்.

பெங்களூரா மாங்காய், பழம் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டு விற்கிறோம். நிறம் ஒருநாளும் சரியாக வருவதில்லை. – வாசகர், காவேரிப்பட்டணம்

கீழே விரிப்பது நீலத் தார்ப்பாயா? அதுதான் காரணமாக இருக்கும். நீலம் நிறைய தெரிந்தால் போன் அதை ஈடுகட்ட மஞ்சளைக் கூட்டிவிடும், காயும் பழுத்ததுபோல் தெரியும். கோணிச் சாக்கு விரியுங்கள். ஜன்னலோரம் வைத்து, ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு ஒளி கலந்தால் ஒரு பக்கம் ஒரு நிறமாகும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை சார்ட் அட்டையை நிறுத்தினால் நிழல் இளகும். பழத்தருகே போனைக் கொண்டுபோனால் நுனி உப்பித் தெரியும். இரண்டடி தள்ளி நின்று 2எக்ஸ் ஜூம் வையுங்கள்.

அனுப்பியதும் படம் மங்கிவிடுகிறதே? – அதே வாசகர்

வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். 'எச்டி' தேர்ந்தெடுங்கள். அச்சுக்குப் போகும் படமானால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள்.