'மிஸ்' என்ற ஆங்கில வினைச்சொல்லை எங்கெல்லாம் பயன்படுத்தலாம்?

'பஸ்ஸை மிஸ் பண்ணிட்டேன், உன்னை மிஸ் பண்றேன், பர்ஸ் மிஸ் ஆயிடுச்சு. மூன்றிலும் வருவது ஒரே மிஸ் தானா, ஆங்கிலத்திலும் இப்படியே சொல்லலாமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டையும் தாராளமாகச் சொல்லலாம். மூன்றாவதில்தான் பலரும் தடுமாறுகிறோம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், கையெழுத்து வாங்கி வைத்திருந்த இரண்டு தாள்களை எங்கோ தொலைத்துவிட்டு, தமிழ் தெரியாத என் மேலாளருக்கு 'ஐ மிஸ்டு தி பேப்பர்ஸ்' என்று மெயில் போட்டேன். 'பரவாயில்லை, இப்போது பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்' என்று பதில் வந்தது. திட்டு விழும் என்று பயந்துகொண்டிருந்த எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநாள் அவர் அந்தத் தாள்களைக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது: நான் அவற்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். தொலைத்துவிட்டால் 'லாஸ்ட்' என்று எழுதுங்கள் என்றார், அவ்வளவுதான். அன்றைக்குத்தான் அகராதியைத் திறந்து இந்தச் சொல்லை முழுதாகப் படித்தேன்.

பழைய ஆங்கிலத்தில் இதற்குக் குறி தப்புவது என்று பொருள். எய்த அம்பு இலக்கில் படவில்லை, அதுதான் மிஸ். நம் 'தப்பு' என்ற வினையை நினைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பஸ் தப்பிப்போனது, அச்சுப் பிழை கண்ணுக்குத் தப்பியது, மயிரிழையில் அடிபடாமல் தப்பினான், இந்த மூன்றுக்கும் ஆங்கிலத்தில் மிஸ் பொருந்தும். வகுப்புக்குப் போகாமல் விட்டாலும் மிஸ்தான். (டீச்சரை 'மிஸ்' என்று கூப்பிடுகிறோமே, அது வேறு சொல், 'மிஸ்ட்ரஸ்' என்பதன் சுருக்கம்.)

'ஐ மிஸ் யூ' கொஞ்சம் ஆழமானது. அதற்குத் தமிழில் கச்சிதமான ஒற்றை வினை எனக்குக் கிடைக்கவில்லை. நினைவு வருகிறது என்றால் போதாது, ஏங்குகிறேன் என்றால் சில இடங்களில் அதிகமாகிவிடுகிறது. இருக்க வேண்டியவர் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, அந்த வெற்றிடம் உறுத்துகிறது என்பதுதான் அது. 'நீ இல்லாம வீடே வெறிச்சுன்னு இருக்கு' என்று சொல்கிறோமே, அதுதான் சரியான மொழிபெயர்ப்பு என்பேன்.

இப்போது பர்ஸுக்கு வருவோம். 'ஐ மிஸ்டு மை பர்ஸ்' என்றால் கேட்பவருக்குப் பர்ஸ் இல்லாமல் தவித்தீர்கள் என்றுதான் தோன்றும், தொலைந்தது என்று தோன்றாது. தொலைத்தது நீங்கள் என்றால் 'ஐ லாஸ்ட் மை பர்ஸ்', காணவில்லை என்று மட்டும் சொல்ல வேண்டுமானால் 'மை பர்ஸ் இஸ் மிஸ்ஸிங்'. நாம் 'மிஸ் ஆயிடுச்சு' என்று பேசிப் பழகியதால் 'இஸ் மிஸ்டு' என்று வாயில் வந்துவிடும், அதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். ஏனென்றால் ஒருவரைப் பற்றி 'ஷி இஸ் மிஸ்ஸிங்' என்றால் அவரைக் காணவில்லை, தேட வேண்டும். 'ஷி இஸ் மிஸ்டு' என்றால் அவர் இல்லாத குறையைப் பிறர் உணர்கிறார்கள். இரங்கல் செய்தியில் இவை இடம் மாறினால் படிப்பவர் மனம் எவ்வளவு புண்படும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம், மிஸ்ஸுக்குப் பின்னால் இன்னொரு வினை வந்தால் அது 'இங்' வடிவில்தான் வர வேண்டும். உன்னோடு பேச முடியாதது வருத்தமாக இருக்கிறது என்பதற்கு 'ஐ மிஸ் டாக்கிங் டு யூ' சரி, 'ஐ மிஸ் டு டாக்' தவறு.