கட்டி கரைந்த பிறகும் அறுவை எதற்கு?

நான்கு சுற்று கீமோவில் மார்பகப் புற்றுக்கட்டி மறைந்துவிட்டாலும் உங்கள் அம்மாவுக்கு அறுவை தேவைதான். தள்ளிப்போடாதீர்கள்.

ஹெர்2 பாசிட்டிவ் கட்டிகள், அதாவது ஹெர்2 என்ற புரதம் மிகுந்தவை, கீமோவுடன் அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப், பெர்டுசுமாப் மருந்துகள் சேரும்போது வேகமாகக் கரைவது உண்டு. ஆனால் கைக்கும் ஸ்கேனுக்கும் அகப்படாத செல்கள் மிஞ்சலாம். வெட்டியெடுத்த திசுவைச் சோதித்தால்தான் தெரியும். அடுத்த மருந்தும் அதைப் பொறுத்ததே: மிச்சமில்லையென்றால் வழக்கமாக டிராஸ்டுசுமாப் ஓராண்டு நிறையும்வரை, இருந்தால் பெரும்பாலும் டி-டிஎம்1 (டிராஸ்டுசுமாபுடன் கீமோ மருந்தை இணைத்த ஊசி), 14 சுற்று.

கட்டி இருந்த இடத்தில் அடையாளத்துக்கான சிறு உலோகக் கிளிப் வைத்தார்களா என்று இன்றே கேளுங்கள். பலரும் கேட்க மறப்பது இதுதான். அது இல்லையென்றால், மார்பகத்தைக் காத்து அறுவை செய்யும்போது இடத்தைத் தேடுவதே பெரும்பாடு.

டிராஸ்டுசுமாப் போன்ற இம்மருந்துகள் இதயத்தைத் தளர்த்தலாம். மூச்சிரைப்போ கால்வீக்கமோ கண்டால் எக்கோ (இதய ஸ்கேன்) தேதிக்குக் காத்திராமல் மருத்துவரிடம் போங்கள்.